வேலைக்குப் போகிறவளுக்கும் அரிசி போடு

நசீர், உம்மாவின் ஸலாம். சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நேற்று மத்தியானம் என் கையால் மீன் ஆணம் ஊற்றி, இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனவனிடம் அதை என்னவென்று கேட்பது? நீ சுகமாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் நேற்றிலிருந்து சுகமில்லை. தின்றுகொண்டே சொன்னாயே, "அதுங்களுக்கு உழைக்க இஷ்டமில்ல உம்மா, சும்மா வர்ற அரிசி ருசியாப் போச்சு" என்று, அந்த வார்த்தை என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனதை நீ கவனிக்கவில்லை. வெளியே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது, நீ கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிட்டாய்.

நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ பர்மியத்தில் பதில் சொல்வாய், பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குப் படிக்க நேரமாகும் என்று தெரியும். எழுத்துக் கூட்டிப் படி. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரி உம்மா" என்று மடித்து வைக்கிற விஷயம் இல்லை இது. இதை நான் உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் பெண்களை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டப் போகிறேன். நம் ஜமாஅத் முற்றத்திலும் வாசிப்பேன். எல்லாருக்கும் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று என்னிடம் சண்டைக்கு வராதே. நீயும் எல்லாருக்கும் முன்னால்தான் அவர்களுடைய அரிசியை நிறுத்தப் போகிறாய்.

கேட்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். புயல் வந்து போன பிறகு டாலாவிலும் அதற்கப்பால் த்வாண்டே வழியிலும் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். அரசாங்கமும் வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து அவர்களுக்கென்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மாதம் ஒருமுறை அரிசி, கூடவே தையல் வகுப்பு, வகுப்பு முடிந்தால் லைங்தாயா பக்கத்துத் தையல் ஆலைகளில் வேலை. நல்ல திட்டம். அதில் நான் தையல் சொல்லிக் கொடுக்கிறேன், நீ டாலாவுக்கு அதிகாரி. ஆபீஸில் உன்னைப் பர்மியப் பெயரில் கோ நே லின் என்று கூப்பிடுகிறார்கள், எனக்கு நசீர். முதல் நாள் நீ மடிப்புக் கலையாத சட்டையோடு படகிலிருந்து இறங்கி வந்தபோது, என் வகுப்புப் பெண்களிடம் "அவன் என் மகன்" என்று நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இப்போது நீ ஒரு விதி எழுதியிருக்கிறாய். எந்தப் பெண்ணுக்கு ஆலையில் வேலை கிடைக்கிறதோ அவளுக்கு அன்றோடு அரிசி நிற்கும். திங்கட்கிழமை டாலாவில் அதை நீயே வாசிக்கப் போகிறாய். அடுத்த வாரம் பெரிய பதவியில் தலைநகர் நேப்பிடோவுக்குப் போகிறாய், போனதும் அந்த விதியை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோவாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேலை இருக்கிறவளுக்கு எதற்கு அரிசி? என் வகுப்பு முடித்து ஆலைக்குப் போன மைமூனுக்குப் போன மாதம் சோதனைக்காக அரிசியை நிறுத்திப் பார்த்தாய், அவள் இரண்டாவது வாரமே ஆலையை விட்டுவிட்டு அரிசி வரிசையில் வந்து நின்றாள். பார்த்தாயா உம்மா, வேலையை விட்டாலும் விடுவார்கள், அரிசியை விடமாட்டார்கள் என்று என்னிடமே சொன்னாய். அவள் ஏன் வந்தாள் என்று நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீ என்ன சோறு தின்று வளர்ந்தாய் என்று சொல்கிறேன்.

போராட்டம் நடந்து தெருவெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த வருஷத்தில் உன் வாப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடை மூடியது. பபேடான் கடைத்தெருவில் பாதிக் கடைகள் மறுபடி திறந்தன, அந்தக் கடை திறக்கவில்லை. வாப்பா நடைபாதையில் லுங்கி விரித்து விற்றார். சில வருஷம் அப்படியே ஓடியது. பிறகு மஞ்சள் காமாலை வந்து படுத்தார், எழவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். வீட்டோடு இருந்த இத்தா நாட்கள் முடிந்து நான் வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்தது ஆணம் காய்ச்சுவதும் ஓதுவதும் மட்டும்தான். ஜமாஅத்தில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பின்முற்றத்தில் அரிசி போடுவார்கள். நான் போய் நின்றேன். காலி பால் டின்னால் அளந்து பையில் போடுவார்கள். பெண்கள் வரிசைக்கும் கமிட்டிக்காரர்களின் மேசைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்கு அடியில் பையை நீட்டினால் அரிசி விழும். கை மட்டும் தெரியும், முகம் தெரியாது. எங்கள் கௌரவத்துக்காகத்தான் அந்தத் திரை என்று சொல்வார்கள். அதில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வசதியும் இருந்தது. ஒரு பெண் கமிட்டியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளுக்காக அண்ணனோ மாமனோ போய்ப் பேச வேண்டும். எனக்கு இந்த ஊரில் அப்படி யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில் அரசாங்கத்து டவுன்ஷிப் ஆபீஸில் இலவசத் தையல் வகுப்பு நடத்தினார்கள். சேர்ந்தேன். மிதிக்கிற மெஷின்தான், கரண்ட் எப்போது இருந்தது, அங்கே கரண்ட் மெஷின் வைக்க? ஆனால் சொல்லிக் கொடுத்த அம்மா ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள். முடித்தவர்களை அவர்களே கூட்டிக்கொண்டுபோய் ஒரு தையல் ஆலையில் சேர்த்துவிட்டார்கள். அரசாங்கக் காரியம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, நானும் சுளித்ததுண்டு. ஆனால் அந்த வகுப்பு இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் யார் வீட்டுப் பாத்திரத்தையாவது தேய்த்துக்கொண்டிருப்பேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வரிசையில் நின்ற பெண்களிடம் சொன்னேன். அது திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த தடவை பையை நீட்டினேன். "வேலைக்குப் போறவங்களுக்கு இல்லம்மா, தள்ளிக்கங்க" என்று ஒரு குரல் வந்தது. தள்ளிக்கொண்டேன். அவர்கள் சொல்வது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆலையில் கரண்ட் மெஷின். காலை வைத்தால் குதிரை மாதிரி ஓடியது. மிதிக்கிற மெஷினில் பழகிய காலுக்கு அது அடங்கவே இல்லை. மற்றவர்கள் ஒரு கட்டு முடிக்கும்போது நான் பாதியில் நிற்பேன். கூலி எண்ணிக்கைக்குத்தான். அதுவும் மாதம் முடிந்து அடுத்த மாதம் கொஞ்சம் போன பிறகுதான் கையில் வரும். இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் நசீர். தாங்க முடியாதது மத்தியானம். மணி அடித்ததும் எல்லாரும் கேரியரைத் தூக்கிக்கொண்டு வட்டமாக உட்கார்வார்கள். உனக்கே தெரியும், இந்த ஊரில் யாரும் தனியாகத் தின்பதில்லை. கறி எல்லாருக்கும் பொது, நடுவில் வைப்பார்கள். சோறு மட்டும் அவரவர் கொண்டுவந்தது. கறி இல்லாமல் போகலாம், ஒரு வார்த்தை சொல்லாமல் உன் பக்கம் தள்ளிவைப்பார்கள். சோறு இல்லாமல் போய் அந்த வட்டத்தில் உட்கார முடியாது. வெறும் கேரியரோடு உட்காருகிறவள் பிச்சைக்காரி. வீட்டில் இருந்த அரிசி உன் பள்ளிக்கூட டப்பாவுக்கும் ராத்திரி உனக்கும்தான் போதும்.

பக்கத்து மெஷினில் மா சான் என்று ஒருத்தி, என் வயதுதான், சிரித்த முகம். முதல் நாளே பன்றிக்கறிக் கிண்ணத்தை எனக்காகத் தூரத் தள்ளிவிட்டு, ஙப்பி மீன் விழுதையும் கீரையையும் என் பக்கம் வைத்தவள். நான் கேரியர் கொண்டுவராத அன்று, சாப்பிட ஏன் வரவில்லை என்று கேட்டாள். நோன்பு என்றேன். "உங்க நோன்பு மாசம் முடிஞ்சிருச்சே?" என்றாள். திங்கள் வியாழன் வைக்கிற நோன்பு தனி என்றேன். மறுநாள் செவ்வாய். அன்றும் நோன்பு என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நான் மெஷின் அடியில் விழுந்த நூல் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அப்படி எத்தனை நாள் போயிற்று என்று எண்ணவில்லை. ஒரு நாள் கண் இருட்டியது, கால் தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது, ஊசி விரலில் இறங்கி நின்றது. என் இடதுகைச் சுட்டுவிரல் நகம் ஏன் கோணலாக இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, அதுதான் அது. மேற்பார்வைக்காரன் வந்து பார்த்தான். "நாளைக்கு முடிஞ்சா வா, முடியலன்னா கேட்டுக்கு வெளியே ஆள் நிக்குது" என்றான். மா சான்தான் விரலைக் கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உன் சாமிக்கு நோன்பு போதும்டி. சோத்தைக் கொண்டா, கறிக்கு நான் இருக்கேன்."

அந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. எனக்கு வேலையும் இருக்கிறது, கறியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, ஒரு மாதத்துச் சோறு. அது என் தெருவிலேயே மூட்டை மூட்டையாக அடுக்கி இருக்கிறது. நேற்றுவரை எனக்குக் கொடுத்தார்கள். சும்மா இருந்தபோது கொடுத்தவர்கள், உழைக்கப் போன அன்று நிறுத்திவிட்டார்கள். இது என்ன நியாயம்? அரிசி போடும் வெள்ளிக்கிழமை வந்தபோது அரை நாள் கூலி போனால் போகட்டும் என்று கிளம்பினேன். கட்டுப் போட்ட விரலும் காலிக் கேரியருமாகப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பையை நீட்டவில்லை. திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

மேசையில் இருந்த ஆண்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஹாஜியார் மட்டும் எழவில்லை. அவர்தான் அப்போது தலைவர், நல்ல மனுஷன், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேரியரைத் திறந்து ஒவ்வொரு தட்டாக அவர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது? யாரும் ஆம்பளை இல்லையா பேச?" என்றார்.

"இல்ல ஹாஜியார். இருந்தா நான் ஏன் வரிசையில நிக்கிறேன்?"

"வேலை கிடைச்சிருச்சுன்னாங்களே. அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் என்ன? இது இல்லாதவங்களுக்கு உள்ளது."

"நானும் இல்லாதவதான். வேலை இருக்கு, சோறு இல்ல. சம்பளம் வர்ற வரைக்கும் எதைத் தின்னுட்டு நான் வேலைக்குப் போறது? அதைச் சொல்லுங்க, போயிடுறேன்."

"ஒருத்திக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும். எல்லாரும் வேலைக்குப் போயிட்டு வந்து கேக்கட்டும்!"

திரைக்குப் பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. ஹாஜியார் திரையையும் பார்த்தார், கேரியரையும் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் அரிசி அளக்கிற ஆளிடம், "இவங்களுக்கு ரெண்டாவது சம்பளம் வாங்குற வரைக்கும் போடு" என்றார். முதல் சம்பளம் வரைக்கும்தான் நான் கேட்டேன். அவராகத்தான் இரண்டாவது என்றார், கடை வைத்திருந்தவர், புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் சம்பளம் எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் மத்தியானம் என் கேரியரில் சோறு இருந்தது. மா சான் பார்த்துவிட்டு, "நோன்பு தொறந்தாச்சா?" என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அதற்கப்புறம் சிரித்தேனா என்று தெரியவில்லை.

இரண்டாவது சம்பளம் வாங்கியதும் நானே போய்ப் போதும் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ காது கொடுத்துக் கேட்க வேண்டும். எனக்குப் போட்ட மாதிரியே வேலைக்குப் போன மற்றவர்களுக்கும் போட்டார்கள். வேலைக்குப் போனால் அரிசி போய்விடும் என்று பயந்து வீட்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தையல் வகுப்புக்கு வர ஆரம்பித்தார்கள். வருஷம் ஆக ஆக அந்த வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. அரிசியை நிறுத்திக் குட்டையாகவில்லை, கொடுத்துக் குட்டையாயிற்று. எல்லாரும் உத்தமிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருத்தி சம்பளமும் வாங்கிக்கொண்டு, ஜமாஅத் அரிசியைச் சோற்றுக்கடையில் விற்றுவிட்டாள். நான் நேரே அவள் வீட்டுக்குப் போய்த் திட்டினேன், அவளும் திருப்பித் திட்டினாள், பிறகு ஒரு வருஷம் பேசவில்லை. அப்படி ஒருத்தி இருப்பாள், எங்கும் இருப்பாள். உன் ஆபீஸில் இல்லையா? அவளுக்குப் பயந்து மற்ற எல்லாருடைய கேரியரையும் காலியாக்குவாயா?

இனி மைமூன். அவள் விடிந்ததும் டாலாவில் படகு ஏறி, இந்தக் கரையில் இறங்கி, பஸ் பிடித்து லைங்தாயா போகிறாள். இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். வகுப்பில் அவள்தான் நன்றாகத் தைத்தவள், காலர் வைப்பதில் என்னையே தோற்கடிப்பாள். நீ அரிசியை நிறுத்தினாய். அவள் திரும்பி வந்து வரிசையில் நின்றாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்டி விட்டே? வேலை கஷ்டமா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அவள் சொன்னாள்: "வேலை கஷ்டமில்ல மாமி. மத்தியானம்தான் கஷ்டம்." எனக்கு வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில், அதே மத்தியானம். இந்தத் தடவை அரிசியை நிறுத்தியவன் என் வயிற்றில் பிறந்தவன். உழைக்க இஷ்டமில்லாதவள் என்று நீ சொன்னது அவளைத்தான். ஆலையில் அவள் இடத்தை இந்த மாதக் கடைசிவரை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். அதற்கு மேல் வைக்க மாட்டார்கள்.

இந்த மாதிரிக் கடிதத்தில் தாய்மார்கள் மன்னிப்புக் கேட்பார்கள், என்னால் இதைச் செய்ய முடியவில்லை, அதைக் கொடுக்க முடியவில்லை என்று அழுவார்கள். நான் கேட்க மாட்டேன். திரையை விலக்கிப் போனதற்கு அன்றைக்கு ஊரே பேசியது, வெட்கமில்லாதவள் என்றார்கள், உன்னைப் பள்ளிக்கூடத்தில் அரிசிக்காரி மகன் என்றார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய். அதற்காகவும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த அரிசிதான் உன்னைப் படிக்க வைத்தது. அந்தப் பெயரை நீ மறக்க நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வரிசையைப் பார்த்தாலே உனக்கு முகம் இறுகுகிறதே, பார்த்திருக்கிறேன். உன் வெட்கத்துக்கு மைமூன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

மேலே உள்ளவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பாய். ஹாஜியாருக்கும்தான் பதில் சொல்ல ஒரு கமிட்டி இருந்தது, இருந்தும் போடு என்றார். விதி எழுதியாகிவிட்டது என்பாய். எழுதியவன் நீதானே, எழுதிய கையாலேயே அடித்துத் திருத்து. இரண்டாவது சம்பளம் வரைக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நேப்பிடோவுக்குப் போ, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோ, நானே உன் பெட்டியைக் கட்டித் தருகிறேன். சேர்க்காவிட்டால் திங்கட்கிழமை டாலாவில் நீ மேசை போடும்போது வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். எனக்குப் பின்னால் மைமூன் நிற்பாள். அதே கேரியரை இன்னும் வைத்திருக்கிறேன், ஒரு காது மட்டும் உடைந்திருக்கிறது. உன் அதிகாரிகள் முன்னால் தட்டுத் தட்டாகத் திறந்து வைப்பேன். இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிப் பார்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்போதும்போல் தின்ன வா. கோபமாக இருந்தாலும் வா. வரும்போது ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டு வா. உனக்கு இந்த வேலை கிடைத்த அன்று ராத்திரி நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "முதல் சம்பளம் வர நாளாகும் உம்மா, அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்கு ஒண்ணும் தர முடியாது" என்றாய். நான் உன் தட்டை எடுத்தேனா? வேலை கிடைத்துவிட்டதே, இனி உனக்கு எதற்குச் சோறு என்று கேட்டேனா? இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறாய், இன்றைக்கும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்கிறாய். கேள், போடுகிறேன். இந்த வீட்டில் வேலைக்குப் போகிறவனுக்கும் சோறு உண்டு.

உன் உம்மா